உள்ளாட்சி: காரைக்குடிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் அலுவலகங்கள் இருக்கும் தெரு ஒன்றில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர் தவறான அலுவலகத்துக்கு எழுதச் சொல்லித்தான் வருகிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு, பட்டா மாறவில்லை என்று கவுன்சிலருக்கு ஒரு மனு. அரை நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து வந்து, “இது இங்கே இல்லை” என்ற பதிலோடு திரும்புகிற முகங்களைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒன்றாக எழுதி வைத்தேன். கேட்டவர்களின் கேள்வியைக் கூடுமானவரை மாற்றவில்லை.

பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி, கார்ப்பரேஷன் எல்லாம் ஒன்றுதானே? பெயர்தானே வேறு?

ஒன்றல்ல. உள்ளாட்சியில் ஊரகம், நகர்ப்புறம் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. ஊரகத்தில் கிராம ஊராட்சி, அதற்கு மேல் ஊராட்சி ஒன்றியம், அதற்கும் மேல் மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்கு. நகர்ப்புறத்தில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என மூன்று வகை. ஊரகத்தில் ஒருவர் மூன்று அடுக்குக்கும் உட்பட்டவர். நகரத்தில் அப்படி அடுக்கு கிடையாது. தேவகோட்டைக்காரருக்கு நகராட்சி ஒன்றுதான், அதற்கு மேல் ஒன்றியமோ மாவட்ட ஊராட்சியோ இல்லை.

அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள்தான் இவற்றுக்கு அடித்தளம். இரண்டும் 1993இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு உள்ளாட்சித் தேர்தல் நடப்பதும் நடக்காமல் கிடப்பதும் மாநில அரசின் விருப்பம். திருத்தத்துக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் என்பது அரசியலமைப்பு சொன்ன கடமையாகிவிட்டது. அந்தக் கடமை எவ்வளவு தூரம் காப்பாற்றப்பட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். வரியை வாங்குகிறவர்தான் உங்கள் உள்ளாட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பேரூராட்சிகள். தேவகோட்டை நகராட்சி. ஆத்தங்குடி கிராம ஊராட்சி. ஊரின் பெருமைக்கும் வகைக்கும் தொடர்பு இல்லை. அரண்மனை போன்ற வீடுகள் வரிசையாக நிற்கும் ஊர் பேரூராட்சியாக இருக்கும். மக்கள்தொகை, ஆண்டு வருமானம் முதலியவற்றை வைத்தே அரசு வகை பிரிக்கிறது.

காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டதாமே. எங்களுக்கு என்ன மாறியது?

காரைக்குடி 1928இல் நகராட்சி ஆனது. 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவற்றோடு சேர்த்து மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. செட்டிநாட்டுப் பக்கத்தில் காரைக்குடி, புதுக்கோட்டை என இரண்டு நகரங்களும் ஒரே ஆண்டில் மாநகராட்சி ஆகியிருக்கின்றன என்பது நம் பகுதிக்குச் சிறிய செய்தி அல்ல. 2022இல் நகராட்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மாநகராட்சி மன்றமாகத் தொடர்ந்தது, நகர்மன்றத் தலைவர் மேயரானார். புதிதாக மேயர் தேர்தல் நடக்கவில்லையே என்று குழம்பியவர்கள் பலர். காரணம் இதுதான்.

பெயர்ப்பலகை மாறிய மறுநாளே சாக்கடை சீராகிவிடாது. ஆனால் திட்டங்களின் அளவு, அலுவலர் எண்ணிக்கை, நிதி கேட்கும் தகுதி ஆகியவை நகராட்சிக்கு இருந்ததைவிட உயரும். எல்லை விரிவதால் வரும் சிக்கலைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கவுன்சிலர், மேயர், கமிஷனர். இவர்களில் யார் சொன்னால் வேலை நடக்கும்?

மன்றம் முடிவு செய்கிறது, ஆணையர் நிறைவேற்றுகிறார். நகரம் வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர், அதாவது மாமன்ற உறுப்பினர். இவர்கள் எல்லோரும் சேர்ந்தது மன்றம். 2022 தேர்தலில் காரைக்குடிக்கு 36 வார்டுகள், தேவகோட்டைக்கு 27. மன்றக் கூட்டத்துக்கு மேயர் தலைமை தாங்குகிறார். கமிஷனர் என்கிற ஆணையர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர், மாநில அரசு அனுப்பும் அலுவலர். பொறியாளர், சுகாதார அலுவலர், வருவாய்ப் பிரிவினர் எல்லோரும் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். பேரூராட்சியில் ஆணையர் இடத்தில் செயல் அலுவலர் இருப்பார்.

எனவே குழாய் உடைந்தது, குப்பை அள்ளவில்லை போன்ற அன்றாடக் குறைக்கு மனுவை ஆணையர் பெயருக்கு எழுதி, நகலைக் கவுன்சிலருக்குக் கொடுங்கள். புதிய சாலை, புதிய வடிகால் என்றால் அது மன்றத்தின் தீர்மானத்துக்கு வர வேண்டியது. அதற்குக் கவுன்சிலரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கிராம ஊராட்சியில் ஏற்பாடு வேறு. அங்கே தலைவரே நிர்வாக அதிகாரியும் ஆவார். ஊராட்சிச் செயலர் அவருக்கு உதவியாக இருப்பவர். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். இருவருக்கும் மனத்தாங்கல் வந்தால் ஊர் வேலை மாதக்கணக்கில் நின்றுபோவது இதனால்தான்.

மேயருக்கு நான் ஓட்டே போடவில்லையே. அவரை யார் தேர்ந்தெடுத்தது?

உங்கள் கவுன்சிலர்கள். இதை மறைமுகத் தேர்தல் என்பார்கள். நகரத்தில் வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்கு, அது வார்டு உறுப்பினருக்கு. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது, 22 அன்று எண்ணினார்கள். வென்ற உறுப்பினர்கள் கூடி மார்ச் 4 அன்று தலைவர், துணைத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

“முன்பு நேரடியாகப் போட்டோமே” என்று பெரியவர்கள் சொல்வது மறதி அல்ல, உண்மைதான். 1996, 2001 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் மறைமுகம். 2011இல் மீண்டும் நேரடி. அதன் பிறகும் சட்டம் இங்கும் அங்குமாகத் திருத்தப்பட்டு, 2019இல் வந்த அவசரச் சட்டத்தால் மறைமுகம் என்று நின்றது. ஆட்சிகள் மாற மாற வாக்காளரின் உரிமை கூடுவதும் குறைவதும் நல்லதல்ல என்பது என் கருத்து. எந்த முறையானாலும் ஒன்றில் நிலைத்து நின்றால்தான் மக்களுக்குப் பழகும்.

கிராமத்தில் மட்டும் கலர் கலராக நான்கு சீட்டு கொடுக்கிறார்களே, எது யாருக்கு?

முதல் பதிலில் சொன்ன மூன்று அடுக்கை நினைவில் வைத்துக்கொண்டால் புரியும். ஊராட்சியின் வார்டு உறுப்பினருக்கு ஒரு வாக்கு, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு ஒன்று. 2019 தேர்தலில் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் நிறச் சீட்டு. வார்டு உறுப்பினருக்குப் பெரும்பாலும் வெள்ளை. நகரத்தில் எந்திரம், கிராமத்தில் வாக்குச்சீட்டும் பெட்டியும்.

வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. தேர்தல் ஆணையம் தரும் பொதுச் சின்னம்தான். ஒன்றியத்திலிருந்து மேலே கட்சி அடிப்படை. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வாக்காளர் அடையாள அட்டை இருக்கிறது. உள்ளாட்சிக்குத் தனியாகப் பதிய வேண்டுமா?

வேண்டாம். தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தேர்தலை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு, இது வேறு. ஆனால் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை எடுத்துத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். ஆகவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் உள்ளாட்சியிலும் இல்லை. அட்டை கையில் இருப்பது போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8.

நம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முகப்பு ஒரு தெருவில், வளவும் இரண்டாம் கட்டும் தாண்டிப் பின்வாசல் அடுத்த தெருவில். எந்த வார்டு என்று சண்டையே நடந்திருக்கிறது. பட்டியலில் உங்கள் கதவு எண் எந்தத் தெருவின் கீழ் இருக்கிறதோ அந்த வார்டுதான்.

வீட்டுக்கு வரி நாங்கள்தான் கட்டுகிறோம். ஊரில் இல்லை என்பதற்காக எங்களுக்கு ஓட்டு இல்லையா?

இந்தக் கேள்வியை ஓர் ஆச்சி கேட்டார்கள். சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள், மஞ்சள் பையிலிருந்து வரி ரசீதுகளை எடுத்து என் மேசையில் அடுக்கினார்கள். ஒவ்வொரு அரையாண்டுக்கும் ஒன்று, நூல் போட்டுக் கட்டி, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அந்தக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, “இத்தனைக்கும் எனக்கு ஒரு சொல் இல்லையா, தம்பி?” என்றார்கள்.

வருத்தத்தோடுதான் சொன்னேன்: சட்டப்படி இல்லை, ஆச்சி. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கொள்ள முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் வாக்கு. நகரத்தார் கோயிலில் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பத் தலைக்கட்டுக் கணக்கு, வேறு. பர்மாவில் இருந்தாலும் பம்பாயில் இருந்தாலும் புள்ளி ஊரில்தான் இருக்கும், வரி கொடுத்தால் கோயிலில் உரிமை உண்டு. வாக்கு அப்படிப்பட்டதல்ல. பூட்டிய வீட்டுக்கு வாக்கு கொடுத்தால், வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் அந்தத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவரின் வாக்கு சிறுத்துவிடும்.

ஆனால் வாக்கு இல்லை என்பதால் வாய் இல்லை என்று ஆகாது. வரி கட்டுகிறவர் என்ற முறையில் மனு கொடுக்கலாம், வரி கூடுதல் என்றால் மேல்முறையீடு செய்யலாம், தகவல் கேட்கலாம். அந்த ஆச்சி தம் தெரு வடிகாலுக்காக எழுதச் சொன்ன மனுவை நான்தான் எழுதினேன். வடிகால் சுத்தமாயிற்று.

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் ஓட்டுப் போடலாமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் வெளிநாடு வாழ் வாக்காளராகச் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க வழி உண்டு. வாக்களிக்க நேரில் வர வேண்டும். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் இங்கே வாக்கு கிடையாது.

நானும் தேர்தலில் நிற்கலாமா? எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

தாராளமாக நில்லுங்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும், இங்கே 21 போதும் என்பதைக் கல்லூரி முடித்த பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 2022இல் வைப்புத்தொகை மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. நிற்கப்போகும் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காமல் சுவரொட்டி வரை அடித்துவிட்டு வந்தவர் உண்டு.

பெண்களுக்குப் பாதி இடம் என்கிறார்கள். கூட்டத்துக்குக் கணவர்தானே வருகிறார்?

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு மூன்றில் ஒரு பங்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம், அதிலும் பாதி பெண்களுக்கு. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவரின் கணவருக்கோ மகனுக்கோ மன்றக் கூட்டத்தில் உட்காரச் சட்டம் இடம் தரவில்லை. கோப்பில் கையெழுத்திடவும் முடியாது. அப்படி நடந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் எல்லோரும் அப்படி என்று பேசுவது பெரிய அநியாயம். ஊராட்சி வார்டு உறுப்பினரான ஓர் அம்மா என் மேசைக்கு வருவார். தம் வார்டில் எந்தக் குழாயில் எந்த நாள் தண்ணீர் வந்தது என்று பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்திருப்பார். அந்த நோட்டைப் பார்த்து எழுதிய மனுவுக்கு அலுவலகத்தில் யாரும் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

கவுன்சிலருக்குச் சம்பளம் எவ்வளவு?

சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000. நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500.

எங்கள் வரியை வைத்துத்தானே எல்லாம் செய்கிறார்கள்?

வரி ஒரு பகுதிதான். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பஸ் நிலையக் கட்டணம் இவையெல்லாம் உள்ளாட்சியின் சொந்த வருமானம். நிலமோ வீடோ கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு வாங்கும் கூடுதல் தீர்வையும் உள்ளாட்சிக்கே போகிறது. இவை போக, மாநில நிதி ஆணையம் பரிந்துரைக்கும் பங்கும் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் வரும். சிறிய ஊராட்சிகள் பெரும்பாலும் இந்தப் பங்கை நம்பித்தான் விளக்கெரிக்கின்றன.

ஊரணி முழுக்கக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. யாரிடம் போக வேண்டும்?

செட்டிநாட்டில் மிக முக்கியமான கேள்வி இதுதான். வற்றாத ஆறு இல்லாத பூமியில் ஊரணி தோண்டி, மழைநீர் வந்து சேர வரத்துக்கால் வெட்டி, குடிக்கும் தண்ணீரைக் காத்த ஊர்கள் இவை. இன்று படித்துறையில் நின்று பார்த்தால் தண்ணீர் இருக்கும் இடத்தில் முள் நிற்கிறது. எனக்கு அது தாங்கவில்லை. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீர்நிலைகள் எல்லாம் ஒருவர் கையில் இல்லை. கிராமத்து ஊரணி பொதுவாக ஊராட்சியின் பொறுப்பு. நகரத்துக்குள் இருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சி. கோயிலுக்குச் சொந்தமான ஊரணி என்றால் கோயில் நிர்வாகத்திடம் போக வேண்டும். பாசனக் கண்மாயில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீரில் பாயும் நிலம், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம்.

மனு எழுதும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடத்தின் புல எண்ணையும் (சர்வே எண்), கணக்கில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். புல எண் இல்லாத மனுவை மேசைக்கு மேசை தள்ளிவிடுவது எளிது. வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்பதையும் நடந்து பார்த்து எழுதுங்கள். ஊரணியை மட்டும் தூர்வாரிவிட்டு வரத்துக்காலை விட்டால் அடுத்த ஐப்பசியிலும் அது காய்ந்துதான் கிடக்கும்.

மின்தடை, ரேஷன், பட்டா, மதுக்கடை இதற்கெல்லாம் கவுன்சிலர்தானே பொறுப்பு?

இல்லை. மின்சாரம் மின்பகிர்மானக் கழகம், ஆனால் தெருவிளக்கு உள்ளாட்சி. ரேஷனும் பட்டாவும் வட்ட அலுவலகம் வழி. மதுக்கடை மாநில அரசின் வாணிபக் கழகம். பிறப்பு, இறப்புச் சான்று நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம். நகருக்குள் ஓடும் பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அதில் விழுந்த பள்ளத்துக்கு மாநகராட்சியைத் திட்டிப் பயன் இல்லை.

கிராம சபைக்குப் போனால் ஏதாவது நடக்குமா? நகரத்தில் அப்படி ஒன்று உண்டா?

நடக்கும், தீர்மானப் புத்தகத்தில் ஏறினால். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சொன்னதை எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டாம்.

நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022இல் வந்தன. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். நம் மக்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் நேரிலேயே கேளுங்கள்.

தலைவர் சரியில்லை. நடுவில் நீக்க முடியுமா?

முடியும், ஆனால் எளிதல்ல. மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மேல் உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். 2024 ஜூலையில் காஞ்சிபுரம் மாநகராட்சியில் அப்படி ஒரு தீர்மானம் வந்து, கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வராததால் தோற்றுப்போனது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் என்றால் மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, உறுப்பினர்களின் கருத்தை அறிந்து, சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஐந்து வருடம் முடிந்தும் தேர்தல் வராவிட்டால் யார் ஆள்வது?

தனி அலுவலர், அதாவது மன்றத்தின் இடத்தில் அரசு அமர்த்தும் அதிகாரி. ஐந்தாண்டு என்பது மன்றத்தின் முதல் கூட்டத்திலிருந்து கணக்கு, அது முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பதே அரசியலமைப்பு. நடந்தது வேறு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. ஊரகத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். அதாவது ஐந்து ஆண்டுக்கு மேல் காரைக்குடிக்குக் கவுன்சிலரே கிடையாது. 2019இல் வந்த ஊராட்சிகளின் காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

கவுன்சிலர் இல்லாத அந்த ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த மனுக்கள் இரண்டு மடங்கு. தனி அலுவலர்களில் நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, “தண்ணீர் வரவில்லை” என்று சொல்ல அவர் நம் தெருவில் இருப்பதில்லை. அதனால்தான் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் எனக்கு வேதனை.

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தால் லாபமா, நட்டமா?

காரைக்குடியோடு இணைப்பதற்காகக் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் அறிவிக்கப்பட்ட நாள் முதல் இந்தக் கேள்வி ஓயவில்லை. சேர்ந்தால் நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் திட்டம் போய்விடும், அது ஊரகத்துக்கு மட்டும் உரியது. வரி நகர்ப்புறக் கணக்குக்கு மாறும். நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும், கிராம சபையும் போகும். கிடைப்பது பெரிய குடிநீர்த் திட்டம், பாதாளச் சாக்கடை, குப்பை வண்டி, நல்ல சாலை ஆகியவற்றுக்கான வாய்ப்பு. மனை வைத்திருப்பவருக்கு இது வரவு. மண்வெட்டி எடுத்து வேலைக்குப் போகும் அம்மாவுக்கு முதல் ஆண்டிலேயே இழப்பு. இருவரையும் ஒரே தராசில் வைத்து ‘லாபம்’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆட்சேபம் இருந்தால், அரசிதழில் அறிவிப்பு வந்தவுடன் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் கொடுங்கள். காலம் கடந்து கொடுத்த ஆட்சேபத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பதிலே இல்லை. என்ன செய்வது?

முதலில், கொடுத்த மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கினீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே புதிதாகக் கொடுத்து வாங்குங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும், அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள். அதற்கும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

“ஏன் செய்யவில்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தரக் கடமை இல்லை என்று தப்பிவிடுவார்கள். “இன்ன தேதியில் கொடுத்த என் மனு இப்போது எந்த அலுவலரிடம், எந்தக் கோப்பு எண்ணில் இருக்கிறது? அந்தக் கோப்பின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். இந்த இரண்டு வரியை எழுதித் தர நான் காசு வாங்குவதில்லை.